எந்திரத்தின் மூச்சும் கொட்டியாரக் கரையும்

கொட்டியாரக் குடாவிலே 1660 ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கப்பலொன்று நங்கூரமிட்டு நின்றது. 'ஆன்' என்பது அதன் பெயர். மசூலிப்பட்டினத்துக் கடலில் எழுந்த புயலிலே பாய்மரத்தை இழந்த அக்கப்பல், புதுமரம் நாட்டிக்கொள்ளும் பொருட்டே இக்கரையை நாடியது. மரத்துக்காக வந்தவர்களுட் பலர் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய இறொபேட்டு நொக்சு என்பார் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து மீண்டு எழுதிய நூலை வரலாறு கற்கும் மாணவர் யாவரும் அறிவர். ஆயின் அக்கதையின் தலைவாயிலில் நிற்பது காற்று என்பதைப் பலரும் நினைப்பதில்லை. காற்றைப் பற்றும் மரம் ஒடிந்தமையாலன்றோ அத்தனையும் நிகழ்ந்தது!

பாய்க்கப்பல் மட்டுமன்று, எண்ணெயை எரித்து ஓடும் எந்திரமும் காற்றாலேயே வாழ்வது. மோட்டார் வண்டி பெற்றோலால் ஓடுகிறது என்று நாம் பேச்சுவாக்கிற் கூறுகிறோம். நிறுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் காற்றாலேயே ஓடுகிறது எனல் வேண்டும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோகிராம் காற்று வேண்டும். அக்காற்றின் பருமன் 12 கன மீற்றருக்குமேல், அஃதாவது சிறியதோர் அறையிற் பாதியை நிரப்பும் அளவாகும். எரிபொருளை வேண்டியவாறு உட்செலுத்துதல் எளிது. காற்றைச் செலுத்துதலே அரிது. உருளையினுள் முசலம் கீழிறங்கும்போது வெளியிலுள்ள வளிமண்டலத்தின் அமுக்கமே காற்றை உள்ளே தள்ளுகிறது. அவ்வமுக்கத்துக்கு மேற்பட்டு எந்திரம் தானாக மூச்சு வாங்க இயலாது. ஆதலாற் கூடிய வலுவை விரும்புவோருக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, உருளைகளைப் பெரிதாக்குவது. மற்றது, சிறிய உருளையினுள் காற்றை நெருக்கித் திணிப்பது. இரண்டாம் வழியின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது. அவ்வரலாற்றின் ஓர் அதிகாரம் நமது திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிலே எழுதப்பட்டதென்பதும், சம்பூர் என்னும் ஊர் அவ்வரலாற்றின் பிற்பகுதியோடு எதிர்பாராத வகையிலே தொடர்புறுகின்றதென்பதும் இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

காற்றை நெருக்கித் திணிக்கும் எண்ணம் மோட்டார் எந்திரத்தோடு உடன்பிறந்தது. சேர்மனியரான கொற்லீப்பு தைமிலர் 1885 ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமை பெற்றார். எனினும் அவர் கருதிய முறையில், காற்றை நெருக்கும் அமுக்கியை இயக்குவதற்கு எந்திரத்தின் சொந்த வலுவிலே ஒரு பங்கைக் கொடுத்தல் வேண்டும். சுவிற்சர்லாந்தின் விந்தர்தூர் நகரிலே 1879 இற் பிறந்த அல்பிரெட்டு பூகி என்னும் பொறியியலாளர் வேறுவகையாகச் சிந்தித்தார். எரிபொருளிலிருந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சுழலும் அச்சை அடைகிறது. மற்றொரு பங்கு குளிர்விக்கும் நீரோடு போகிறது. எஞ்சியதோ கொதிக்கும் புகையாகக் குழாய்வழி வெளியேறி வீணாகிறது. வெளியேறும் அப்புகையின் வழியிலே ஒரு சுழலியை வைத்து, அச்சுழலியின் அச்சிலேயே அமுக்கியைப் பொருத்தினால், கழிவே காற்றைக் கொணரும் அன்றோ? இக்கருத்துக்கு 1905 நவம்பர் 16 ஆம் நாள் அவருக்கு உரிமைப்பத்திரம் கிடைத்தது. இன்று 'டர்போ' என்று நாம் வழங்கும் கருவியின் பிறந்தநாள் அதுவே.

பிறந்த குழந்தை நடப்பதற்கு இருபதாண்டு சென்றது. செந்தணலான வாயுவிலே நின்று சுழலத்தக்க உலோகம் அக்காலத்தில் இல்லை. அமுக்கிகளும் திறனற்றவையாக இருந்தன. 1920 களின் நடுப்பகுதியிலே 'பிறொய்சென்', 'அன்சசுதாத்து தான்சிக்' என்னும் இரண்டு சேர்மன் கப்பல்களின் டீசல் எந்திரங்களில் பூகியின் முறை பொருத்தப்பட்டது. 1,750 பரிவலு தந்த எந்திரம் 2,500 பரிவலு தந்தது. உருளை ஒன்றும் கூடவில்லை. புகைபோக்கியால் வீணே சென்றதை மறித்து வேலை வாங்கியதனால் வந்த ஊதியம் இது.

இதற்கிடையில் முதலாம் உலகப் போர் வந்து எந்திரத்தை வானத்துக்கு ஏற்றிவிட்டது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலியும். 18,000 அடி உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதியே. தரையிலே சிங்கம்போல முழங்கும் எந்திரம் அங்கே மூச்சுத்திணறும். பிரான்சிலே ஒகுஸ்து இறற்றோ என்பார் புகைச்சுழலியை விமான எந்திரத்திற் பொருத்தி முயன்றார். அமெரிக்காவிலே சான்போட்டு மொசு என்பார் 1918 இல் விமான எந்திரம் ஒன்றைக் கொலராடோ மாநிலத்துப் பைக்சு சிகரத்தின் உச்சிக்கு, 14,000 அடி உயரத்துக்கு, பாரவண்டியில் ஏற்றிச்சென்று சோதித்தார். விமானத்திற் பறந்து சோதிப்பதினும் மலையில் ஏறிச் சோதிப்பது நலமென்று எண்ணிய அவருடைய நிதானம் போற்றத்தக்கது.

இனி நமது துறைமுகத்துக்கு வருவோம். திருகோணமலையின் உட்டுறைமுகத்துக்கு மேற்கே சீனன்குடா விமானத்தளம் அமைந்துள்ளது. துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. அக்குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே, பத்திரகாளி அம்பாள் கோயிலாற் பெயர்பெற்ற சம்பூர் உளது. பழைய காலத்துப் பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலை கரி நிரப்பும் நிலையமாக இருந்தது. கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதன் பின்னரே சீனன்குடாவை அடுத்த காட்டிலே பெரிய எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. அவற்றுள் 99 இன்றும் நிற்கின்றன.

1942 ஏப்பிரல் 9 ஆம் நாட் காலையிலே யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261 ஆம் அணியினர் அரிக்கேன் விமானங்களில் எழுந்து எதிர்த்தனர். யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மேல் வீழ்ந்து அதனை அழித்தது. மட்டக்களப்புக் கடலிலே 'ஏர்மீசு' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இவை யாவும் பலர் எழுதியனவே. எந்திர வரலாற்றை நோக்குவார்க்கு வேண்டிய செய்தி வேறொன்று. அன்று இருபக்கத்தாரின் போர் விமானங்களும் காற்றை நெருக்கியே உட்கொண்டன. ஆயின் அரிக்கேனின் மேர்லின் எந்திரத்திலும், யப்பானியரின் சீரோ விமானத்துச் சக்காயே எந்திரத்திலும் அமுக்கியைச் சுழற்றியவை பற்சக்கரங்களே. எந்திரத்தின் அச்சோடு பிணைக்கப்பட்டமையால் அவை வலுவிற் பங்கு கேட்டன. அதேவேளையில், அச்சு விரைந்த கணத்திலே தாமும் விரைந்தன. வலுவும் விரைவும் ஒருங்கே வந்தன, காத்திருத்தல் இல்லை.

இரண்டாண்டு கழிந்து, 1944 ஓகத்து 10 ஆம் நாள், அதே சீனன்குடாவிலிருந்து வேறுவகை விமானங்கள் எழுந்தன. அமெரிக்கரின் பி-29 என்னும் பெருங் குண்டுவீச்சு விமானங்கள் 54, வங்காளத்துத் தளங்களிலிருந்து இங்கு வந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு, சுமாத்திராவின் பலெம்பாங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் புறப்பட்டன. அவ்விமானத்தின் பாரத்துக்காகச் சீனன்குடாவின் ஓடுபாதை முன்னரே நீட்டப்பட்டிருந்தது. போய் மீளும் தூரம் ஏறக்குறைய 4,000 மைல். குண்டுகள் குறைவாகவே ஏற்றப்பட்டன, எரிபொருளே பெரும்பாரம். ஒவ்வொரு விமானத்திலும் நான்கு எந்திரங்கள், ஒவ்வொரு எந்திரத்துக்கும் 18 உருளைகள், 2,200 பரிவலு, இரண்டிரண்டு புகைச்சுழலிகள். பூகி 1905 இற் கண்ட கனவு, விமானத்துக்கு எட்டுச் சுழலிகளாக, நமது குடாவின் மேலே முழங்கிச் சென்றது எனலாம். சுழலிகளின் வேகத்தை மின்னணுக் கருவியொன்று ஆண்டது. விமானி ஒரே குமிழைத் திருகி நான்கு எந்திரங்களின் மூச்சையும் கட்டுப்படுத்தினான்.

அந்தப் பயணத்தின் பயன் பெரிதன்று. 39 விமானங்களே இலக்கை அடைந்தன. சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேர்ந்த சேதம் சிறிது. மூசி ஆற்றிலே கண்ணிவெடிகள் இடப்பட்டன. எரிபொருள் தீர்ந்த விமானம் ஒன்று கடலில் இறங்கியது. அவ்வெந்திரங்கள் அளவுமீறிச் சூடேறித் தீப்பற்றும் இயல்பினவாய் இருந்தமையால், அவற்றை ஓட்டியவர்கள் பகைவரினும் தம் எந்திரத்துக்கே அஞ்சினர் என்று கூறுதல் மிகையாகாது. போர்வரலாற்று நூல்களில் இத்தாக்குதல் இரண்டு மூன்று பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. நமது மாணவருட் பலரோ சீனன்குடாவைக் கடந்து நாள்தோறும் செல்லினும் இதனைக் கேள்வியுற்றிலர்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். கப்பலிலும் விமானத்திலும் இத்துணைச் சிறப்பாகத் தொழிற்பட்ட கருவி, சாலையில் ஓடும் வண்டிக்கு வருவதற்கு ஏன் இத்தனை காலம் தாழ்த்தது? சுவிற்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் 1938 இலேயே டர்போ பூட்டிய பாரவண்டி எந்திரத்தை ஆக்கியது. ஆயினும் சிறிய மோட்டார் வண்டிகளில் அது 1962 வரை தோன்றவில்லை. இதற்கு விடை, தாமதம் என்னும் ஒரு சொல்லில் அடங்கும்.

கப்பலின் எந்திரம் துறைமுகத்தை விட்டபின் பல நாள் ஒரே வேகத்தில் ஓடும். விமானமும் பல மணிநேரம் அவ்வாறே. சாலையில் ஓடும் வண்டியோ நிற்கும், கிளம்பும், முந்தும், மாட்டுக்கு ஒதுங்கும், மீண்டும் கிளம்பும். மெல்ல ஓடும் எந்திரத்திலிருந்து புகை சிறிதே வரும். சிறிய புகையாற் சுழலி மந்தமாகவே சுழலும். அவ்வேளை சாரதி மிதியை அழுத்தினால் நிகழ்வது யாது? கூடிய வலுவுக்குக் கூடிய காற்று வேண்டும். கூடிய காற்றுக்குச் சுழலி விரைதல் வேண்டும். சுழலி விரையக் கூடிய புகை வேண்டும். கூடிய புகைக்கோ கூடிய வலு வேண்டும்! விதைநெல்லுக்கு அறுவடையை எதிர்பார்க்கும் உழவனது நிலைமை இது. இவ்வட்டம் சிறிது சிறிதாகத் தன்னைத்தானே உயர்த்திக்கொள்ள ஓரிரு விநாடி செல்கின்றது. சுழலியின் சக்கரத்துக்கும் ஒரு திணிவு உண்டு. நிமிடத்துக்கு ஓரிலட்சம் சுற்றுக்குமேற் செல்ல வேண்டிய சக்கரத்தை எழுப்புதற்குக் காலம் வேண்டும். சக்கரம் பெரிதாயின் வலு பெரிது, தாமதமும் பெரிது. பிற்பாடு திடீரென வலு வந்து சேர்கையில் வளைவின் நடுவே நிற்கும் சாரதி திகைப்பான்.

அமெரிக்காவிலே 1962 இல் வெளிவந்த ஓல்சுமொபில் செற்பயர் என்னும் வண்டியில், நெருக்கப்பட்ட காற்றுச் சூடேறி எரிபொருள் தானே வெடிக்காதிருக்கும்பொருட்டு, நீரும் மெதனோலும் கலந்த திரவம் சிறு தொட்டியிலிருந்து தெளிக்கப்பட்டது. உரிமையாளர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். அது வெறுமையானதும் வண்டி சோர்ந்தது. ஈற்றில் பல வண்டிகளிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. சேர்மனியரின் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 1973 இல், உலகமெங்கும் எண்ணெய் நெருக்கடி தோன்றிய ஆண்டிலே, வெளிவந்து விரைவில் மறைந்தது. பந்தயத்திலே பிரான்சின் இறெனோ நிறுவனம் 1977 இல் 1.5 இலீற்றர் டர்போ எந்திரத்தோடு முதன்முறை இறங்கியபோது, அவ்வண்டி அடிக்கடி வெண்புகை கக்கி நின்றமையால் 'மஞ்சட் தேநீர்க்கேத்தல்' என்று எள்ளப்பட்டது. இரண்டாண்டிலே, 1979 இல், தீசோன் நகரில் அதுவே வென்றது. பின்னர் எள்ளியவர்கள் யாவரும் டர்போவுக்கு மாறினர். 1988 இன் பின் விதி அதனைத் தடுத்ததும், 2014 இல் விதியே அதனை மீள அழைத்ததும் தனிக்கதை.

சாலை வண்டிக்கு வழிகாட்டியவர்கள் சுவீடனைச் சேர்ந்த சாப் நிறுவனத்தார் என்பது என் துணிபு. 1970 களின் பிற்பகுதியில் அவர்கள் தம் 99 டர்போ வண்டிக்குப் பெரிய சுழலியை விடுத்துச் சிறியதைத் தெரிந்தனர். சிறிய சக்கரம் விரைவில் எழும். அளவுக்கு மிஞ்சிய புகையைச் சுழலியிற் செலுத்தாது வேறுவழியே விடுவதற்கு ஒரு கதவும் வைத்தனர். மிகுந்த வலு என்னும் ஆசையை அடக்கி, வேண்டிய வேளையில் வரும் வலுவையே நோக்கமாகக் கொண்டமையால் அவர்கள் வென்றனர். பின்னர் வந்த திருத்தங்கள், அஃதாவது திசைமாறும் இதழ்கள், சிறியதும் பெரியதுமாய் முறையே தொழிற்படும் இரு சுழலிகள், மின்மோட்டாரின் துணை என்பன, எல்லாம் தாமதத்தைக் குறைத்தன. எதுவும் அதனை இல்லாமற் செய்யவில்லை.

இனிப் புகையைப் பற்றிய சட்டங்களைக் காண்போம். அமெரிக்காவின் இலொசு ஏஞ்செலிசு நகரைக் கவிந்த புகைமூட்டத்துக்கு வண்டிகளின் கழிவே காரணமென 1950 களில் ஆகன்-சிமிற் என்னும் வேதியியலறிஞர் காட்டினார். கலிபோர்னியா மாநிலம் 1966 இற் கழிவுக்குழாய்க்கு எல்லை விதித்தது. அமெரிக்க நாட்டின் தூய காற்றுச் சட்டம் 1970 இல் வந்தது. ஐரோப்பாவில் 'யூரோ 1' 1992 இலும், 'யூரோ 6' 2014 இலும் நடைமுறைக்கு வந்தன. இந்தியா 2020 ஏப்பிரலில் நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படியை மிதியாமலே ஆறாம் பாரத் படிக்குத் தாவியது. மாருதி நிறுவனம் அவ்வாண்டோடு டீசல் வண்டிகளைக் கைவிட்டது.

டர்போவுக்கும் இச்சட்டங்களுக்கும் உள்ள உறவு இருதலைப்பட்டது. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். டீசல் எந்திரத்தின் கரும்புகை என்பது காற்றுப் போதாமையால் எரியாதெஞ்சிய காபன். டர்போ காற்றை மிகுவிக்கிறது. ஆகவே நேர்சாலையில் ஒரே வேகத்திற் செல்லும் பேருந்தின் புகை குறைகிறது. ஆயின் தரிப்பிடத்திலிருந்து கிளம்பும் கணத்தை நோக்குக. சாரதி மிதித்ததும் எரிபொருள் உடனே உட்புகுகிறது. காற்றோ தாமதித்து வருகிறது. அவ்விடைவேளையில் எரியாத எரிபொருள் கருமுகிலாக வெளியேறித் தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைகளின் முகத்திலே படிகிறது. ஓட்டத்தில் நலம் செய்யும் கருவி, நிறுத்தத்தில் தீமை செய்கிறது. ஆக்கியோர் இதனை அறிந்து, காற்றின் அமுக்கம் ஏறும்வரை எரிபொருளை மறித்துவைக்கும் பொறியொன்றை டீசல் பம்பிலே வைத்தனர். புகை அடங்கியது, வண்டியின் எழுச்சியும் அடங்கியது. 'பிக்கப் இல்லை' என்று சாரதிமார் முறையிடும் குறையின் ஒரு காரணம் இதுவே. முறையீட்டுக்குப் பரிகாரமாகப் பட்டறைகளிலே செய்யப்படுவது யாதெனின், பம்பின் திருகாணியைத் திருகி மறிப்பைத் தளர்த்துவது. பிக்கப் வருகிறது, கரும்புகையும் கூடவே வருகிறது. தாமதத்தை யாரோ ஒருவர் பொறுத்தல் வேண்டும். சாரதி பொறாவிட்டாற் சாலையோரத்தார் பொறுக்கிறார்கள்.

சட்டமும் இதனை ஒப்புக்கொண்டது. பழைய டீசல் வண்டிகளை நிறுத்திவைத்து, மிதியைச் சடுதியாக அழுத்திப் புகையின் அடர்த்தியை அளக்கும் சோதனையிலே, ஐரோப்பிய நாடுகள் 1990 களில் இரண்டு எல்லைகளை விதித்தன. இயல்பாக மூச்சு வாங்கும் எந்திரத்துக்கு 2.5, டர்போ எந்திரத்துக்கு 3.0. டர்போவின் தாமதத்தால் எழும் புகைக்குச் சட்டமே சலுகை தந்தது என்பது இதன் பொருள். பெற்றோல் வண்டியிலும் இதன் நிழல் உண்டு. கழிவுக்குழாயிலுள்ள ஊக்கி, காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்திற் கலந்தாலன்றித் தொழிற்படாது. ஆதலால் இக்காலத்து வண்டியிலே மிதிக்கும் காற்றுவாயிலுக்கும் இடையே கம்பி இல்லை; மிதி விண்ணப்பிக்கும், கணினி ஆராய்ந்து அனுமதிக்கும். அந்த ஆராய்ச்சியையும் சாரதி தாமதமென்றே உணர்கிறான்.

சோதனைச்சாலையில் ஒழுங்காகவும் சாலையில் ஒழுங்கீனமாகவும் நடக்க எந்திரத்துக்குக் கற்பித்தவர்களும் உளர். வொக்சுவாகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகள், தாம் சோதிக்கப்படுவதை அறிந்து அவ்வேளையில் மட்டும் நைதரசனொட்சைட்டுகளை அடக்கிக்கொண்டன என்பது 2015 செத்தெம்பரில் வெளியானது. இதன் பின்னரே, 2017 முதல், ஐரோப்பாவில் வண்டியைச் சாலையிலும் ஓட்டி அளக்கும் முறை கட்டாயமாயிற்று. ஆசிரியர் அறையிலிருக்கும்போது மட்டும் அமைதி காக்கும் வகுப்பை அறியாத ஆசிரியர் உளரோ!

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் ஒழிந்தது. இருவீச்சு எந்திர முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 முதல் தடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆண்டுதோறும் வாகனப் புகைப் பரிசோதனை செய்து சான்றிதழ் பெறும் முறையும் தொடங்கியது. 2018 இல் இறக்குமதி வண்டிகளுக்கு யூரோ 4 எல்லை வந்தது. ஆயினும் இந்நாட்டின் வீதிகளுக்கு டர்போ பூட்டிய சிறிய பெற்றோல் வண்டிகளைக் கொணர்ந்தது இச்சட்டங்களன்று. ஐரோப்பியரின் காபனீரொட்சைட்டு எல்லை அங்கே எந்திரங்களைச் சிறிதாக்கியது உண்மை. 2015 இற் கிலோமீற்றருக்கு 130 கிராம் என்றும், பின்னர் 95 கிராம் என்றும் அவ்வெல்லை இறங்கியது. இங்கே அவ்வேலையைச் செய்தது வரி அட்டவணை. இறக்குமதி வரி எந்திரத்தின் கொள்ளளவைக்கொண்டு கணிக்கப்பட்டமையால், 1,000 கனசென்ரிமீற்றருக்கு உட்பட்ட எந்திரத்தோடு பெரிய வண்டியின் வலுவையும் தரத்தக்க டர்போ வண்டிகளை வாங்குவோர் நாடினர். வரி அளந்தது உருளையை. உருளையினுட் புகுந்த காற்றை அஃது அளக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்புருவரியில் மீளத் திறந்தது.

கிழக்குமாகாணத்துக்கு, சிறப்பாக மூதூர்ப் பகுதிக்கு, இவையாவும் பிந்தியே வந்தன. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே இயந்திரப் படகும் பாதைகளுமே போக்குவரவுக்கு உதவின. பாலங்கள் வந்தபின் வண்டிகளும் வந்தன. ஆனால் சம்பூரார் புகைச்சட்டத்தின் பொருளை அறிந்தது வண்டிகளாலன்று.

2006 ஏப்பிரலில் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் முகாம்களில் வாழ்ந்துகொண்டிருக்கையிலேயே, அவ்வாண்டின் இறுதியில், அவர்களுடைய மண்ணிலே நிலக்கரி மின்னிலையம் ஒன்றை நிறுவுதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் உடன்பாடு கண்டன. வலு 500 மெகாவாற்று. 2011 இல் இருவரும் கூட்டுநிறுவனம் அமைத்தனர். மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பியது 2015 இலேயே. திரும்பியோர் கரியின் சாம்பலையும், குடாவிலே விடப்படும் வெந்நீரையும், தம் மீன்பிடியையும் வயலையும் எண்ணி அஞ்சினர். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. மின்னிலையம் அவ்விடத்தில் அமைக்கப்படாதென 2016 செத்தெம்பரில் அரசு நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

இங்கே ஆண்டுகளை வரிசையாக நோக்குதல் நன்று. தனியொருவரது மோட்டார் வண்டி ஆண்டுக்கொருமுறை புகை அளக்கப்பட்டாலன்றி அனுமதிப்பத்திரம் பெறாது என்னும் விதி இந்நாட்டில் 2008 இலேயே நடைமுறைக்கு வந்தது. நிலைத்து நிற்கும் புகைபோக்கிகள் எவ்வளவு கக்கலாம் என்னும் தேசிய ஒழுங்குவிதியோ 2019 இலேயே வர்த்தமானியில் வெளிவந்தது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் 2014 ஆம் ஆண்டளவிலேயே முழுமை பெற்றுவிட்டது. சம்பூரில் நிலையம் எழுந்திருந்தால் அதுவும் அவ்விதிக்கு முன்னரே கட்டத் தொடங்கப்பட்டிருக்கும். முச்சக்கர வண்டிக்காரனின் சிறு குழாய்க்கு விதி முந்தியது. வானளாவும் குழாய்க்குப் பிந்தியது. இவ்வொழுங்கு முறையானதன்று என்பதை வரலாறு கற்போர் தயங்காது கூறலாம். பொருளியலார் வேறு கூறலாம்: மின்சாரமின்றி நாடில்லை என்பர். அது மெய்யே. ஆயினும் எல்லை விதித்தபின் கட்டுவதற்கும், கட்டியபின் எல்லை விதிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னையதில் எந்திரம் சட்டத்துக்கு அமைகிறது. பின்னையதிற் சட்டம் எந்திரத்துக்கு அமைகிறது. டர்போவுக்குத் தரப்பட்ட 3.0 என்னும் சலுகையை ஈண்டு நினைவுகூர்க.

கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியமையாற் சீனன்குடாவிலே தாங்கிகள் எழுந்தன என்று முன்னர்க் கண்டோம். துறைமுகத்தின் வடகரையை விட்டுச் சென்ற கரி, நூறாண்டளவின் பின் தென்கரையால் மீளவர முயன்று திரும்பிச் சென்றது. அதற்கென ஒதுக்கப்பட்டிருந்த சம்பூரிலே இப்பொழுது சூரியஒளி மின்னிலையம் அமைகின்றது. முதற்கட்டம் 50 மெகாவாற்று, இரண்டாங்கட்டம் 70, ஆக 120 மெகாவாற்று. அதே இரு நாட்டு நிறுவனங்களின் கூட்டிலேயே அது நிறுவப்படுகிறது. அதன் தொடக்கவிழா 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள், இந்தியத் தலைமை அமைச்சரும் இலங்கைச் சனாதிபதியும் கொழும்பிலிருந்து இணையவழி முன்னிற்க, நடைபெற்றது.